பவளத் தொட்டிக்கு ஃபில்டர் மீடியா: எது, எதற்கு, எப்போது

உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படும் புதியவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஃபில்டர் மீடியா (தண்ணீரைச் சுத்தம் செய்ய ஃபில்டருக்குள் போடும் பொருள்) நல்லது?" என்பதுதான். கேட்ட இடத்தில் எல்லாம் பதிலும் கிடைத்துவிடும். ஒருவர், "கார்பன் போடுங்க, நைட்ரேட் குறையும்" என்பார். இன்னொருவர், பயோ பால் என்னும் பிளாஸ்டிக் பந்துகளைப் பற்றி, "பயோ பால் பக்கமே போகாதீங்க, அது நைட்ரேட் தொழிற்சாலை" என்பார். கடைக்காரர் செராமிக் ரிங் டப்பா ஒன்றை எடுத்து நீட்டி, ஒரு லிட்டர் ரிங்கில் எத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்று லேபிளைக் காட்டுவார்.

முதல் ஆள் சொன்னது தவறு. இரண்டாமவர் சொன்னது பாதி உண்மை. மூன்றாமவர் காட்டிய எண் சரியாகவே இருந்தாலும் உங்கள் தொட்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கேட்பவர்களோ ஆயிரக்கணக்கில் செலவழித்து மூன்றையும் வாங்கிவிடுகிறார்கள். அப்புறமும் பாறையில் பாசி படர்கிறது, பவளம் சுருங்குகிறது.

மீடியா என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பது தானாகத் தெளிந்துவிடும். கேள்வியையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: தொட்டிக்குள் என்ன போகிறது, அது என்னவாக மாறுகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது?

## பந்தி முடிந்த மண்டபம்

ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்திருக்கிறது. சாப்பிட்ட இலைகளை உடனே எடுத்து வெளியே கொண்டுபோய்விட்டால் அங்கே அழுக வேறு ஒன்றும் இல்லை. எடுத்து மண்டபத்தின் மூலையிலேயே குவித்து வைத்தால்? தரை சுத்தமாகத் தெரியும், ஆனால் இலை உள்ளேதான் இருக்கிறது, நாளைக்கு நாறும். மீடியா செய்யும் முதல் வேலை இதுதான்: கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பிடிப்பது. இதை இயந்திர வடிகட்டல் என்கிறார்கள்.

எடுக்காமல் விட்டதும் சிந்தியதும் கொல்லைப்புற எருக்குழிக்குப் போகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் அதை மக்க வைத்து எருவாக்கிவிடும். நாற்றம் போய்விடும், ஆனால் எரு அங்கேயே கிடக்கும். யாராவது வண்டி வைத்து அள்ளிப் போக வேண்டும். இது இரண்டாவது வேலை, உயிரியல் வடிகட்டல். மூன்றாவது, கறையும் வாடையும். பெருக்கினாலும் போகாது, மக்கவும் மக்காது. அதற்கென்று தனியாக ஒரு பொருள் தேவை. அது வேதியியல் வடிகட்டல்.

மண்டபத்தைப் பார்ப்பவர் யாரும் "துடைப்பம் நல்லதா, எருக்குழி நல்லதா?" என்று கேட்க மாட்டார். மீடியா விஷயத்தில் நாம் கேட்பது கிட்டத்தட்ட அந்தக் கேள்விதான்.

## ஒரு கிராம் தீனியின் கணக்கு

தொட்டிக்குள் போகும் அழுக்கில் பெரும்பகுதி நீங்கள் போடும் தீனிதான். மீன் தின்று கழித்தாலும், தின்னாமல் விட்டாலும், மூலப்பொருள் அது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர். தினம் ஒரு கிராம் உலர் தீனி போடுகிறீர்கள். அதில் பாதி புரதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 500 மில்லிகிராம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 80 மில்லிகிராம். அது முழுவதும் கடைசியில் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 350 மில்லிகிராம் வரும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது ஒரு பி.பி.எம். அப்படிப் பார்த்தால் தினமும் 1.75 பி.பி.எம் நைட்ரேட் ஏறுகிறது. எதுவும் வெளியேறாவிட்டால் 30 நாளில் 50-ஐத் தாண்டிவிடும். பவளத் தொட்டியில் பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு 2 முதல் 10 பி.பி.எம் வரைதான்.

பாஸ்பேட் கணக்கு இதைவிடக் கடுமை. தீனியில் ஒரு சதவீதம் பாஸ்பரஸ் இருந்தால் ஒரு கிராமில் 10 மில்லிகிராம். பாஸ்பேட்டாக அளந்தால் அது சுமார் 30 மில்லிகிராம், அதாவது 200 லிட்டரில் 0.15 பி.பி.எம். பவளத் தொட்டிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 0.03 முதல் 0.1 வரை. ஒரே நாள் தீனி அந்த எல்லையைத் தாண்டவைக்கப் போதும்.

மீன் வளர எடுத்துக்கொள்ளும் பங்கை நான் கழிக்கவில்லை, அதனால் இது மேல்வரம்புக் கணக்கு. உறைய வைத்த தீனியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கிராமுக்கு இவ்வளவு வராது. ஆனால் திசை இதுதான். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள்: தினம் 1.75 ஏறும் தொட்டியில் வாரம் பத்து சதவீத மாற்றம் மட்டுமே வெளியேறும் வழி என்றால் நைட்ரேட் 100-ஐத் தாண்டித்தான் போய் நிற்கும்.

ஆக, எந்த மீடியாவாக இருந்தாலும் கேட்க வேண்டியது, இந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அது தொட்டியிலிருந்து வெளியே எடுக்கிறதா, வேறு உருவத்துக்கு மாற்றுகிறதா, அல்லது இரண்டும் இல்லாமல் மூலையில் குவித்து வைக்கிறதா என்பதுதான்.

## அழுக்கைப் பிடிக்கும் மீடியா

ஃபில்டர் ஃப்ளாஸ் என்னும் வெள்ளைப் பஞ்சு, ஸ்பாஞ்ச், சம்ப்பில் தொங்கவிடும் துணிப்பை ஆகியவை இந்த வகை. சம்ப் என்பது பிரதான தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி; தண்ணீர் அதில் இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டார் வழியாக மேலே ஏறும். துணிப்பையை ஃபில்டர் சாக் என்பார்கள். 100 மைக்ரான், 200 மைக்ரான் என்று கண்ணி அளவைக் குறிப்பிட்டு விற்பார்கள். 100 இன்னும் நுண்ணிய தூளையும் பிடிக்கும், சீக்கிரமே அடைத்தும் கொள்ளும்.

புதுப் பஞ்சைப் போட்ட மறுநாள் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் வெளிர் பழுப்பு. மூன்றாம் நாள் கரும்பழுப்பாகி, கையில் எடுத்தால் கொழகொழவென்று இருக்கும். ஒரு வாரம் விட்டால் பஞ்சு தட்டையாகி, தண்ணீர் அதன் வழியே போகாமல் ஓரமாக வழிந்து ஓடும். இதில் ஒன்றை மறக்கவே கூடாது: பஞ்சில் சிக்கிய அழுக்கு இன்னும் தொட்டித் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அதன் வழியாகவே தண்ணீர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூலையில் குவித்த இலை இதுதான். பஞ்சை எடுத்துக் குப்பையில் போடும் அந்த நிமிடத்தில்தான் அழுக்கு உண்மையாக வெளியேறுகிறது.

அதனால் விலை உயர்ந்த ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை கழுவுவதைவிட மலிவான பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தூக்கிப் போடுவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. முடியாது, வேலைக்குப் போகிறேன் என்றால் ரோலர் ஃபில்டர் இருக்கிறது. துணிச்சுருள் தானாக நகர்ந்து அழுக்குப் பகுதியைத் தண்ணீருக்கு மேலே சுருட்டிவிடும். விலை அதிகம், ஆனால் நேர்மையான கருவி.

புரோட்டீன் ஸ்கிம்மரும் இந்த இடத்தில் வருகிறது, அது மீடியா இல்லை என்றாலும். பொடிப்பொடியான காற்றுக் குமிழ்களில் கரிமக் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி ஒரு கோப்பையில் சேரும். கழிவு அழுகுவதற்கு முன்னாலேயே கணிசமான பகுதி வெளியே வந்துவிடுகிறது. உப்புநீரில் குமிழ்கள் மிக நுண்ணியதாக உருவாவதால்தான் இது நன்றாக வேலை செய்கிறது; நன்னீர்த் தொட்டியில் அவ்வளவாக எடுபடாது.

சுருக்கமாக: இயந்திர மீடியா பிடிக்கும், நீங்கள் எடுத்துப் போட்டால்தான் நீங்கும்.

## பாக்டீரியாவின் வேலை

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அழுகும் தீனியிலிருந்தும் அது வரும். கடல்நீரின் பி.எச் 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அம்மோனியாவில் நச்சு மிகுந்த வடிவத்தின் பங்கு நன்னீர்த் தொட்டியில் வழக்கமாக இருப்பதைவிடக் கூடுதல். அதனால் சின்ன அளவும் மீனைக் கொன்றுவிடும்.

இதைச் சமாளிப்பது பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைப் பயன்படுத்தி நடக்கும் இந்த இரண்டு படி மாற்றத்துக்கு நைட்ரிஃபிகேஷன் என்று பெயர். நன்னீரில் நைட்ரைட்டும் பெரிய விஷம். கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் மீனின் செவுள் வழியாக எளிதில் உள்ளே நுழைய முடியாது. அதனால் இங்கே பயப்பட வேண்டியது முதலில் அம்மோனியாவுக்குத்தான்.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. மற்ற பல பாக்டீரியாக்கள் அரை மணிக்குள் இரட்டிப்பாகும். இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் மீன் விடாமல் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, இவை எங்கே வாழ்கின்றன? ஒட்டிக்கொள்ளக் கெட்டியான பரப்பும், ஓடும் தண்ணீரும் இருக்கும் எந்த இடத்திலும். பாறை, மணல், கண்ணாடி, குழாயின் உட்பக்கம் என்று எல்லா இடத்திலும் இருக்கும். பயோ மீடியா என்று விற்கும் பயோ பால், செராமிக் ரிங், துளைகள் நிறைந்த கண்ணாடிக் கட்டி எல்லாமே இந்தப் பரப்பைத்தான் தருகின்றன.

இப்போது கடைக்காரர் காட்டிய அந்த எண்ணுக்கு வருவோம். பரப்பு இரட்டிப்பானால் பாக்டீரியாவும் இரட்டிப்பாகுமா? ஆகாது. எத்தனை பாக்டீரியா வாழும் என்பதைத் தீர்மானிப்பது தினமும் கிடைக்கும் அம்மோனியாவின் அளவு. அதே பந்திக்கு இன்னொரு எருக்குழி வெட்டினால் எரு கூடாது. ஓரளவு பாறையும் மணலும் இருக்கும் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இடப்பற்றாக்குறை என்பதே வழக்கமாக வருவதில்லை. மேலும், லேபிளில் சொல்லும் பரப்பில் பெரும்பகுதி மிக நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. தண்ணீர் நுழையாத துளையில் பாக்டீரியா வாழ முடியாது. சளிப்படலம் அடைத்துவிட்டால் மீதியும் வீண்.

## பயோ பால் மீது ஏன் அந்தப் பழி

பிளாஸ்டிக் பந்துகள் மேல் தண்ணீரைச் சொட்டச் சொட்ட விழவிடும் முறை 1980-களில் ரீஃப் தொட்டிகளோடு, அதாவது பவளத் தொட்டிகளோடு, சேர்ந்தே பிரபலமானது. காற்றும் தண்ணீரும் நன்றாகக் கலப்பதால் நைட்ரிஃபிகேஷன் அங்கே பிரமாதமாக நடக்கும். ஆனால் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனது. அப்படித்தான் "நைட்ரேட் தொழிற்சாலை" என்ற பட்டம் வந்தது.

பந்து தானாக நைட்ரேட்டை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே போன தீனியில் எவ்வளவு நைட்ரஜன் இருந்ததோ அவ்வளவுதான் நைட்ரேட் வரும். மேலே போட்ட கணக்கு பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாது. சிக்கல் இரண்டு. ஒன்று, பந்துகளின் இடுக்கில் தூள் தங்கி அழுகும்; முன்னால் பஞ்சு வைக்காதவர்களுக்கு இது நிச்சயம். இரண்டாவது, அடுத்த படிக்கு அங்கே வாய்ப்பே இல்லை.

அந்த அடுத்த படி பாறைக்குள் நடக்கிறது. துளைகள் நிறைந்த பாறையின் வெளிப்பகுதியில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். சற்று உள்ளே போனால் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகி, தண்ணீரில் கரைந்து, மேற்பரப்பு வழியாகக் காற்றோடு போய்விடும். இதுதான் டீநைட்ரிஃபிகேஷன். நைட்ரஜன் உண்மையாகவே தொட்டியை விட்டு வெளியேறுவது இங்கேதான். எருவை அள்ளிப் போகும் வண்டி இது.

பாறை வெளியிலும் உள்ளேயும் இரண்டு வேலையையும் பக்கத்துப் பக்கத்தில் செய்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பந்துக்கு "உள்ளே" என்ற ஒன்றே இல்லை. கட்டியான செராமிக் பிளாக்குகளில் ஓரளவு நடக்கும். மணல்படுக்கையின் அடியிலும் நடக்கும்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1960-களின் தொடக்கத்திலேயே கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் பாறை) காற்றுக் குழாயையும் மட்டும் வைத்து மீனும் பவளமும் வளர்த்துக் காட்டினார். பிறகு ஜெர்மனியின் பெர்லினில் இருந்த ஆர்வலர்கள் பாறையோடு வலுவான புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். அது பெர்லின் முறை என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. இன்றைய தொட்டிகளில் பெரும்பாலானவை இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. பெரிய பெரிய மீடியா டப்பாக்கள் அதற்கு மேல் வந்த சேர்க்கைகள்.

சுருக்கமாக: அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குவதற்கு ஏறக்குறைய எந்தப் பரப்பும் போதும். நைட்ரேட்டை வெளியேற்றத் துளைகள் நிறைந்த, தடிமனான பாறையோ மணலோ வேண்டும்.

## அந்தப் பாறை எங்கிருந்து வருகிறது

இது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு. ராமேஸ்வரம், தூத்துக்குடி கரைகளில் செத்த பவளக்கல் ஒதுங்கிக் கிடக்கும். எடுத்து வந்து தொட்டியில் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போடக் கூடாது. திட்டு கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் இந்திய வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருப்பதை மட்டும் அல்ல, செத்ததைச் சேகரிப்பதும் விற்பதும் அந்தச் சட்டத்தின்படி குற்றம்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியதற்கு அந்த வெட்டு ஒரு முக்கியக் காரணம். நம் வீட்டுத் தொட்டி அழகாக இருப்பதற்காக அந்தக் கரையில் இன்னொரு கல்லைக் குறைக்கக் கூடாது.

செயற்கையாகச் செய்த செராமிக் பாறையும் அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் கலந்த சிமென்ட் பாறையும் கிடைக்கின்றன. உலர்ந்த நிலையில் வருவதால் பாக்டீரியா குடியேறக் கூடுதல் காலம் பிடிக்கும். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் கொஞ்சம் சீக்கிரம் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம். பவளத்தையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, வளர்ப்பில் பெருக்கியதா என்று பார்த்து வாங்குங்கள்.

## கார்பன்: கறையும் வாடையும்

ஆக்டிவேட்டட் கார்பன் என்பது சாதாரண அடுப்புக்கரி இல்லை. கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் சூடாக்கி உள்ளே எண்ணற்ற நுண்துளைகளைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு கிராம் கரியில் 1,000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு கிடைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இப்படி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள்.

ஒட்டிக்கொள்பவை எவை? தண்ணீரை மஞ்சளாக்கும் பொருள்கள், வாடை, மீனுக்குக் கொடுத்த மருந்தின் மிச்சம். அப்புறம், பவளங்கள் ஒன்றோடொன்று போடும் வேதிச் சண்டையின் நச்சுகள். லெதர் கோரல் போன்ற மென்பவளங்கள் பக்கத்தில் இருப்பவற்றை அடக்கத் தண்ணீரில் நச்சு விடும். கடலில் அது கரைந்து போய்விடும். 200 லிட்டரில் எங்கே போகும்? மென்பவளமும் கடினப்பவளமும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குக் கார்பன் அவசியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒட்டிக்கொள்ளாதவை: அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட். இவற்றுக்காகக் கார்பன் வாங்கினால் காசு வீண். தரம் குறைந்த சில கார்பன்கள் தாமாகவே பாஸ்பேட்டைக் கசியவிடுவதும் உண்டு. ஆர்.ஓ தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு மறுநாள் பாஸ்பேட் சோதித்தால் தெரிந்துவிடும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது கொட்டாங்குச்சிக் கார்பன். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கங்களிலும் இலங்கையிலும் அது பெரிய தொழில். குடிநீர் ஃபில்டர்களில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். அதன் துளைகள் மிகச் சிறியவை, குளோரின் போன்ற சின்ன மூலக்கூறுகளைப் பிடிக்க அருமையானவை. தொட்டியை மஞ்சளாக்கும் மூலக்கூறுகளோ பெரியவை. அவற்றுக்கு நிலக்கரியிலிருந்து செய்த, அகலமான துளைகள் உள்ள கார்பன் பொருத்தம். கொட்டாங்குச்சிக் கார்பன் கெடுதல் ஒன்றும் செய்யாது, இந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்யும்.

கார்பன் வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தொட்டியின் ஒரு ஓரத்தில் வெளிப்பக்கமாக ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். எதிர் ஓரத்திலிருந்து நீளவாக்கில் தண்ணீரின் ஊடாகப் பாருங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் கரிமப் பொருள் சேர்ந்திருக்கிறது. புதுக் கார்பன் போட்ட இரண்டு மூன்று நாளில் தாள் வெளுத்துத் தெரியும். மறுபடி மஞ்சள் தட்டினால் மாற்றும் நேரம். பெரும்பாலும் மூன்று நான்கு வாரம் தாங்கும்.

போடுவதற்கு முன் ஆர்.ஓ தண்ணீரில் கரும்பொடி வருவது நிற்கும்வரை அலசுங்கள். பொடி தொட்டியில் கலப்பது நல்லதல்ல. சர்ஜன் மீன்களுக்கு வரும் தலை, பக்கக்கோடு அரிப்பு நோயோடு கார்பன் பொடிக்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். வெகுநாள் கார்பன் இல்லாத தொட்டியில் ஒரேயடியாக நிறையப் போடவும் கூடாது. தண்ணீர் சட்டென்று தெளிந்தால் ஒளியின் வீச்சு திடீரென்று கூடிப் பவளம் வெளுக்கலாம். லேபிளில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள்.

## பாஸ்பேட் மீடியா: சோதித்த பிறகே

பாஸ்பேட் வாயுவாகிப் பறந்து போகாது. அதை ஏதாவது பிடித்து எடுத்தால்தான் உண்டு. அதற்குப் பரவலாகப் பயன்படுவது ஜி.எஃப்.ஓ, அதாவது இரும்பு ஆக்சைடு குறுமணிகள். துருப்பிடித்த பழுப்பு நிறம், ரவை போன்ற பருமன். பாஸ்பேட் அதன் மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் ஆக்சைடு வெள்ளை மணிகளும் இதே வேலையைச் செய்யும்.

புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. பவளத்துக்குப் பாஸ்பேட் கூடினால் எலும்புக்கூடு கட்டுவது தடைப்படும், பாசிக்குக் கொண்டாட்டம். அதைக் கேட்டுப் பயந்து தொடக்கத்திலேயே முழு அளவு ஜி.எஃப்.ஓ போட்டு, பாஸ்பேட்டைப் பூஜ்யம் ஆக்கிவிடுகிறார்கள். பவளத்துக்கும் அதன் திசுவில் வாழும் நுண்பாசிக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும். பூஜ்யத்தில் அவை வெளிறி மெலியும். போதாக்குறைக்கு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாத தொட்டியில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி பாறையெல்லாம் படர்கிறது. சாதாரணப் பாசியைவிட அதை ஒழிப்பது பல மடங்கு கஷ்டம்.

இன்னொரு விஷயம். பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். அவை பாஸ்பேட்டைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜி.எஃப்.ஓ தண்ணீரில் இருப்பதைக் குறைத்ததும் பாறை தன்னிடம் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடும். இரண்டு நாளில் 0.05-க்கு இறங்கியது அடுத்த வாரம் மறுபடி 0.12 காட்டினால் மீடியா மட்டம் என்று நினைக்காதீர்கள். பழைய கடன் வெளியே வருகிறது. பொறுமையாகச் சின்ன அளவில் தொடர்வதே வழி.

எனவே, சோதித்து 0.1-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மட்டும், லேபிள் அளவில் கால் பங்கு போடுங்கள். சிறிய ரியாக்டரில், அதாவது மீடியாவைப் போட்டு உள்ளே தண்ணீரை ஓட்டும் குழாயில், மேல்மட்ட மணிகள் மெல்லப் புரளும் அளவுக்கு ஓட்டம் இருக்கட்டும். ஓட்டம் இல்லாவிட்டால் மணிகள் ஒட்டிக்கொண்டு செங்கல் போல இறுகிவிடும். வேகம் அதிகமானால் உரசித் தூளாகும். ரியாக்டரிலிருந்து வெளிவரும் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் பாஸ்பேட் ஒரே அளவு காட்டும் நாளில் மீடியா தீர்ந்துவிட்டது. காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை.

சுருக்கமாக: கார்பன் கரிமப் பொருளுக்கு, ஜி.எஃப்.ஓ பாஸ்பேட்டுக்கு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பாஸ்பேட் மீடியாவைச் சோதனை எண் கேட்டால் மட்டும் பயன்படுத்துங்கள்.

## கடையில் இருக்கும் மற்ற டப்பாக்கள்

ஜியோலைட் நன்னீரில் அம்மோனியாவைப் பிடிக்கும். கடல்நீரில் சோடியம் வெள்ளமாக இருப்பதால் அதன் இடங்களைச் சோடியமே நிரப்பிவிடும். அம்மோனியாவுக்கு என்று இங்கே வாங்க வேண்டாம். ப்யூரிஜென் போன்ற செயற்கை மணிகள் கார்பன் போலவே கரிமப் பொருளைப் பிடிக்கும், ப்ளீச்சில் ஊறவைத்து மறுபடி பயன்படுத்தலாம். குளோரினை முழுவதும் போக்கத் தெரிந்தவர்களுக்கு நல்லது. பயோ பெல்லெட் என்பவை பாக்டீரியா தின்னும் பிளாஸ்டிக் உருண்டைகள். அவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாவை வெளியேற்றும். கட்டுப்படுத்த அனுபவம் வேண்டும், முதல் வருடத்தில் தொடாதீர்கள்.

## எந்த வரிசையில், எப்போது

தண்ணீர் இறங்கும் இடத்தில் முதலில் பஞ்சு அல்லது சாக். அதன் பிறகு ஸ்கிம்மர். அதற்குப் பிறகு, தூள் நீங்கிய தண்ணீரில், கார்பனும் தேவைப்பட்டால் ஜி.எஃப்.ஓவும். கார்பனைப் பஞ்சுக்கு முன்னால் வைத்தால் இரண்டு நாளில் அழுக்குப் பூசி அதன் துளைகள் வெளியே அடைத்துவிடும். ரிங், பிளாக் என்று பயோ மீடியா வைத்திருந்தால் அதுவும் பஞ்சுக்குப் பின்னால்தான்.

புதுத் தொட்டிக்கு நான் சொல்லும் பட்டியல் சின்னது. போதுமான பாறை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துப்போட மலிவான பஞ்சு, தொட்டிக்கு ஏற்ற ஸ்கிம்மர், கொஞ்சம் கார்பன், நம்பகமான நைட்ரேட், பாஸ்பேட் சோதனைக் கருவிகள். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலக்காமல் ஆர்.ஓ தண்ணீரும், முடிந்தால் அதோடு டீஅயனைசேஷன் ரெசினும் (ஆர்.ஓ விட்டுவைக்கும் உப்புகளைப் பிடிக்கும் மணிகள்) வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் பாஸ்பேட்டையும் சிலிக்கேட்டையும் அப்புறம் மீடியா போட்டு எடுப்பது இரட்டைச் செலவு.

பஞ்சையும் கார்பனையும் மாற்றலாம், பயோ மீடியாவை மாற்றக் கூடாது. தூள் அடைத்தால் தண்ணீர் மாற்றும் நாளில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஒரு முக்கு முக்கி அலசி வையுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். உடைந்து மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாதத்துக்குக் கால்பங்கு என்று மாற்றுங்கள்.

கடைசியாக, மின்வெட்டு. சம்ப் இல்லாமல் கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது மூடிய டப்பா ஃபில்டர், வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஓட்டம் நின்றால் டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உள்ளே பாக்டீரியா சாகும், சிக்கியிருக்கும் அழுக்கு அழுகும். மின்சாரம் வந்ததும் மோட்டார் அந்தத் தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் தள்ளும். நீண்ட நேர மின்வெட்டுக்குப் பிறகு கேனிஸ்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பஞ்சைப் புதிதாகப் போட்டு, அப்புறம் ஓடவிடுங்கள். மறுநாள் ஒரு அம்மோனியா சோதனையும் செய்துவிடுங்கள். தொட்டிக்குள் இருக்கும் பாறைக்கு இந்த ஆபத்து குறைவு. மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் காற்று பம்ப் இருந்தால் பாறையும் மீனும் இரண்டும் தாக்குப்பிடிக்கும்.